செல்வி வருவாள் என்று நான் சொன்னேன்

அந்தப் பொத்தான் பிசுபிசுக்கும். விளையாட்டுக் கருவியின் வலது ஓரத்தில் இருக்கிற வட்டப் பொத்தான். வாளை வீசவும், கதவைத் திறக்கவும், ஒருவர் பேசி முடித்தால் அடுத்த வரிக்குப் போகவும் அதைத்தான் அழுத்த வேண்டும். வெற்றிலைச் சுண்ணாம்பு, கருவாட்டு எண்ணெய், காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்து உருட்டிய விரலின் ரத்தம் எல்லாம் அதன்மேல் படிந்து, காய்ந்து, மறுபடி நனைந்து, பழுப்புப் பாகாக உறைந்திருந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கருவியை டிரைவர் அண்ணன் நீட்டும்போதெல்லாம் நான் கைக்குட்டையை விரித்து, பிரசாதம் வாங்குவதுபோல் வாங்குவேன். அதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். எனக்குக் குமட்டல். இதை எழுதும்போதுகூட விரல் தானாகச் சட்டையில் துடைத்துக்கொள்கிறது.

சேரங்கோட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் எடை கிளார்க்காக இருந்தேன். மத்தியானம் தொடங்கி ஒவ்வொரு எடைக் கொட்டகையாகப் போய், பெண்கள் பறித்து வைத்திருக்கும் கொழுந்தை நிறுத்து, சாக்குகளை லாரியில் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் ஃபேக்டரியில் சேர்ப்பது வேலை. லாரியை ஓட்டியவர் டிரைவர் அண்ணன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறு வயதில் கப்பலேறி வந்த குடும்பம். அங்கத்திய வழக்கப்படி என்னைக் கிளாக்கரய்யா என்பார். குன்னூர் பஜாரில் வளர்ந்த எனக்கு அந்த ஐயா பட்டம் பிடித்திருந்தது. லாரியின் முன்சீட்டுதான் பிடிக்கவில்லை. ஈரச் சாக்கும் டீசலும் நேற்றைய சாப்பாடும் கலந்த ஒரு வாடை. அதோடு, அவர் வெற்றிலை துப்புகிற தகர டப்பா ஒன்று சீட்டுக்கடியில் மூடியில்லாமல் ததும்பிக்கொண்டே கூட வரும். வளைவுகளில் மற்றவர்கள் பள்ளத்தைப் பார்ப்பார்கள். நான் டப்பாவைப் பார்ப்பேன்.

அந்தப் பாதையில் யானை நிற்பது ஊட்டியில் மழை பெய்கிற மாதிரி. நின்றுவிட்டால் எல்லா டிரைவர்களும் செய்வது ஒன்றுதான். இன்ஜினை அணைத்து, விளக்கைப் போடாமல், சத்தமாகப் பேசாமல், ஹாரன் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் உட்கார்ந்திருப்பது. யானைக்கு வழிவிட மனசு வர அரை மணியும் ஆகும், இரண்டு மணியும் ஆகும். அதற்குள் பின்னால் சாக்குகளில் கொழுந்து சூடேறிச் சிவக்க ஆரம்பிக்கும். சிவந்த கொழுந்துக்கு ஃபேக்டரியில் திட்டு வாங்குவது எடை கிளார்க். முன்னால் யானை, பின்னால் அவிகிற கொழுந்து, நடுவில் நான். முதல் மாதத்தில் இப்படி நின்றபோது ஒருமுறை எனக்கு வயிறு கலக்கி அவசரமாக வந்துவிட்டது. இறங்க வழியில்லை. அது எப்படி முடிந்தது என்பதை இந்தக் குறிப்பில் சேர்க்கவில்லை.

இந்தக் காத்திருப்புக்காகத்தான் டிரைவர் அண்ணன் கூடலூரில் ஒரு பழைய செல்போன் கடையிலிருந்து அந்தக் கருவியை வாங்கி வந்திருந்தார். உள்ளே ஜப்பான்காரர்கள் செய்த ஓர் ஆட்டத்தின் சில்லு சிக்கிக்கொண்டு வெளியே வர மறுத்ததால், ஆட்டம் ஒன்றே ஒன்று. பழைய பாணி. குட்டிக் குட்டிப் பொம்மைகளாக நாலு பேர் காடு மலை என்று கூட்டமாக அலைவார்கள். பத்தடி வைத்தால் எங்கிருந்தோ ஒரு பிராணி எதிரே வந்து நிற்கும். அப்புறம் நம் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி என்று முறை வைத்து அடித்துக்கொள்ள வேண்டும். அடி, மந்திரம், மருந்து, ஓடு என்று நாலு வரி வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். சண்டை போடப் போட ஆட்களின் பலம் ஒன்றாம் படி, இரண்டாம் படி என்று ஏறும். என்னிடம் கருவி வந்தால் நான் தேர்ந்தெடுப்பது எப்போதும் நாலாவது வரி. ஒரு நத்தையைக் கண்டு ஓடியிருக்கிறேன்.

"நத்தையே அவசரப்படல. நீங்க ஏங்கய்யா ஓடுறீங்க?" என்றார்.

அதனால் சண்டை அவருக்கு, படிப்பு எனக்கு என்று வேலை பிரிந்தது. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது; திரையில் பெட்டி பெட்டியாக வருகிற ஆங்கிலப் பேச்சை நான் எழுத்துக்கூட்டிப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும்.

ஆட்டம் தொடங்கும்போதே நாலு பேருக்கும் பெயர் கேட்டது. வாள்காரனுக்கு அண்ணன் தன் பெயரையே வைத்தார். குண்டனுக்கு எங்கள் மேனேஜர் பெயர். தள்ளாடுகிற மந்திரவாதிக் கிழவனுக்கு என் பெயரை வைத்துவிட்டுச் சிரித்தார். நாலாவது, வெள்ளை அங்கி போட்ட ஒரு வைத்தியக்காரப் பெண்; அடிபட்டவர்களைக் குணமாக்குகிறவள். அதற்கு யோசிக்கவேயில்லை. "செல்வின்னு போடுங்க" என்றார். அது யாருங்ணா என்று கேட்டேன்.

"எங்ககூடக் கப்பல்ல வந்த புள்ள. அங்க தோட்டத்துல எங்க லயத்து வீட்டு வரிசைக்கு அடுத்த லயம். கப்பல விட்டு எறங்கினதும் மண்டபம் கேம்ப்புல எல்லாரையும் பிரிச்சு விட்டாங்க. எங்களுக்கு இந்த மலை. அவங்க லாரி எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல."

அவ்வளவுதான் சொன்னார். குனிந்து டப்பாவில் துப்பிவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்தார்.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. திரையில் ராஜா நீட்டி முழக்குவதை, "லீவெல்லாம் கெடையாது, போயி வேலையப் பாரு" என்று மேனேஜர் குரலில் சொல்வேன். இளவரசி உருகி உருகி அழுவதைப் பல்வலி என்று சொல்லிவிட்டேன். யானை முன்னால் நிற்பதால் டிரைவர் அண்ணன் துண்டை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பார். கண்ணில் நீர் வழியும். நான் சொல்வதில் பாதி புளுகு என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். ஒரு மனிதரை அப்படிக் குலுங்க வைப்பதில் ஒரு போதை இருந்தது. கதையில் எது நிஜம், எது நான் சேர்த்தது என்பது கொஞ்ச நாளில் எனக்கே மறந்துபோனது.

பாதி ஆட்டத்தில், ஒரு கிணற்றடியில், செல்வி செத்துப்போனாள். மற்ற மூன்று பேரைக் காப்பாற்றத் தன் உயிரை முழுக்கச் செலவழித்துவிட்டாள். திரை வெளிறியது. பெட்டி வந்தது. நான் திரும்பி வரமாட்டேன், நீங்கள் போங்கள் என்று, எனக்கே எழுத்துக்கூட்டாமல் புரிகிற ஆங்கிலம். டிரைவர் அண்ணன் என் பக்கம் திரும்பினார். வாயிலிருந்த வெற்றிலை மெல்லப்படாமல் அப்படியே நின்றது.

"புள்ள என்னாங்கய்யா சொல்லுது?"

எனக்கு ஒரு கேடு உண்டு. எதிரே ஒரு முகம் கோணினால் போதும், என் வாய் என்னைக் கேட்காமல் வேலையைத் தொடங்கிவிடும். "மயக்கந்தானுங்ணா" என்றேன். "கொஞ்ச நாள்ல வந்தர்றேன், குளுருக்கு ஒரு கம்பளி வாங்கி வைங்கன்னு சொல்லுது."

"எப்ப வருமாம்?"

"நீங்க அம்பதாவது படி ஏறோணுமாம். ஏறிட்டு இதே கெணத்தடிக்கு வந்தீங்கன்னா நிக்குமாம்."

அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. அப்போது அவர் இருபத்திரண்டாவது படியில் இருந்தார். ஐம்பது வருவதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிடும் என்று எனக்குள் இருந்த கிளார்க் சொல்லியிருக்க வேண்டும்.

மாற்றல் வரவில்லை. டிரைவர் அண்ணன் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரே காட்டுக்குள் சுற்றிச் சுற்றிச் சண்டை போட ஆரம்பித்தார். அதே வௌவால், அதே ஓநாய், அதே நத்தை. யானை நின்றால் மட்டும் விளையாடியவர், இப்போது ஒவ்வொரு எடைக் கொட்டகையிலும் கருவியை எடுத்தார். செல்வியின் வெள்ளை அங்கியைத் திரையிலிருந்த கடையில் விற்றால் நல்ல வாள் வாங்கலாம், விற்கவில்லை. "வந்ததும் புள்ள எதைப் போடும்?" என்றார். முப்பதைத் தாண்டியபோது எனக்குச் சாப்பாடு இறங்குவது குறைந்தது. நாற்பதில் அம்மன் கோயிலுக்குப் போய், அந்தக் கருவி பழுதாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். போதாது என்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோடு சர்ச்சுக்கும் போய் அதையே கேட்டேன். டீச்சரம்மா என் பக்தியைப் பார்த்துக் கண் கலங்கினார். சுத்தம் செய்து தருகிறேன் என்று கருவியை வாங்கி, டீயில் முக்கிவிடலாமா என்று ஒரு மாலை முழுக்க டம்ளரையும் கருவியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கும் துணிவு வரவில்லை. பொத்தானை மட்டும் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். "ஐயாவுக்கு நல்ல மனசு" என்றார்.

அந்த நாள் வந்தது. சாயங்காலம் நாலரை மணி, மழை விட்டிருந்தது. வளைவில் ஒற்றை யானை. பின்னால் லாரி நிறையக் கொழுந்து. டிரைவர் அண்ணன் இன்ஜினை அணைத்தார். அன்று அவர் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். அதைப் பார்த்ததிலிருந்தே எனக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. ஐம்பதுக்கு ஒரே ஒரு சண்டை பாக்கி. அதுவும் முடிந்தது. சத்தத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்ததால் ஐம்பது என்பது திரையில் ஊமையாக மின்னியது. மூன்று பொம்மைகளும் கிணற்றை நோக்கி நடந்தன.

"வந்ததும் மொதல்ல அங்கியப் போட்டுவிடணும்" என்று கிசுகிசுத்தார்.

கிணற்றுக்கு ஆறு கட்டம். ஐந்து. நாலு. நான் எட்டி, ஸ்டியரிங் நடுவில் இருந்த ஹாரனை முழுக் கையால் அமுக்கினேன்.

யானை எவ்வளவு வேகத்தில் வந்தது என்று நேரில் பார்த்தவனாக என்னால் சொல்ல முடியாது. நான் அதற்குள் சீட்டுக்கடியில் இருந்தேன். முகம் தகர டப்பாவுக்குள். மேலே ஏதோ நொறுங்கியது. லாரி ஒரு பக்கம் எழும்பி, தொப்பென்று அமர்ந்தது. டப்பாவில் இருந்தது மூக்கில் ஏறி வாய் வழியாக இறங்கியது. அத்தனை நாள் நான் அருவருத்த எல்லாமும் ஒரே மூச்சில் எனக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் எந்தச் சத்தமும் இல்லை.

"எந்திரிங்க. போயிருச்சு."

எழுந்தேன். ஒரு ஹெட்லைட்டைக் காணோம். முகவாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. அது ரத்தமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

"எதுக்கு ஹாரன அடிச்சீங்க?"

"பயத்துலங்ணா."

"ஆனைக்குப் பயந்தவன் ஹாரன் அடிக்க மாட்டான்."

கருவி அவர் மடியில் கிடந்தது. மூன்று பேரும் கிணற்றுக்கு நாலு கட்டம் தள்ளி நின்றார்கள். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ வர மாட்டா. அதானே?"

நான் வாயைத் திறந்தேன். அந்த நிலையிலும் நாக்கு நுனியில் ஒரு ஜோக் தயாராக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

"வாயத் தொறக்காதீங்க" என்றார். "நாறுது."

பிறகு மீதி நாலு கட்டத்தையும் நடந்து முடித்தார். கிணற்றடியில் யாரும் இல்லை. கிணற்றை ஒருமுறை சுற்றி வந்தார். பொத்தானை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. அதைப் படிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

ஆபீஸில், யானை வந்து முட்டியது என்று மட்டும் சொன்னார். ஹாரனைப் பற்றிப் பேச்சே இல்லை. அதைக் கருணை என்று ஒரு நாள் முழுக்க நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மறுநாள் முன்கதவைத் திறக்கப் போனபோது, "பின்னாடி ஏறுங்க" என்றார். புகார் சொல்வதற்காகக்கூட என் பெயரை வாயில் எடுக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் ஏழு மாதம் கொழுந்துச் சாக்குகளின்மேல் உட்கார்ந்து போனேன். அட்டைகள் என்னை வகைதொகையில்லாமல் சாப்பிட்டன. கேபினுக்குப் பின்புறம் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதன் வழியே, யானை நிற்கும்போதெல்லாம் அவர் விளையாடுவது தெரியும். செல்வி இல்லாமல் கதையைத் தொடர்ந்துகொண்டிருந்தார். பெட்டிகள் வந்தன; படிக்காமலே ஒவ்வொன்றாகத் தள்ளினார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நான் எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருந்தேன். நடுவில் கண்ணாடி.

அவர் ஓய்வுபெற ஒரு வாரம் இருந்தபோது ஆட்டத்தின் முடிவு வந்தது. மூன்று பேரும் அதே கிணற்றடிக்குத் திரும்பி வந்து நின்றார்கள். ஒரு பெட்டி வந்தது. அவர் தோள் மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. அதை மட்டும் அவர் தள்ளவில்லை. யானை போய்விட்டது, பாதை காலியாகக் கிடந்தது, அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கண்ணாடியைத் தட்டினேன்.

"அண்ணா, நான் படிக்கட்டுங்களா? நெசமாவே படிக்கறனுங்ணா."

அவர் திரும்பவில்லை. தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து, கண்ணாடியை மறைத்துத் தொங்கவிட்டார்.

அவர் இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி. போன மாதம் நான் அதே ஆட்டத்தை ஒரு பழைய கருவியோடு சேர்த்து வாங்கினேன். வைத்தியக்காரப் பெண்ணுக்குச் செல்வி என்றே பெயர் வைத்தேன். வேறு பெயர் வைக்கக் கை வரவில்லை. பாதிச் சண்டைகளில் ஓடி, மீதியில் தோற்று, ஒருவழியாக நேற்று ஆட்டத்தின் முடிவில் அந்தக் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தேன். பெட்டி வந்தது. அதில் வசனமே இல்லை. வாள்காரன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து. அவள் இருந்தவரை ஒவ்வொரு சண்டையிலும் திரையின் ஓரத்தில் நின்ற அதே ஐந்து எழுத்து. அதைப் படிக்க அவருக்கு நான் தேவைப்படவே இல்லை.