டங் அக்கா

எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் பரிமாறுவது நான், பாத்திரம் கழுவுவது டங் அக்கா. பிள்ளைகள் வைத்த பெயர் அது. சாப்பிட்டு முடித்த தட்டைச் சுவரில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே தள்ள வேண்டும். தட்டு காலியாக இருந்தால் அக்கா கரண்டியால் அதன்மேல் ஒரு தட்டு தட்டுவாள். டங்! கூடம் முழுக்கக் கேட்கும். மிச்சம் இருந்தால் சத்தம் வராது. பிள்ளையின் கண்ணெதிரே அதை மெதுவாக வழித்து வாளியில் போடுவாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள். அதற்குத் திட்டு வாங்குவதே தேவலை.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "எச்சில் தட்டுக்கு எதுக்குக்கா இந்த மேளதாளம்?" என்று அவள் வேலைக்கு வந்த புதிதில் கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். இங்கே வருவதற்கு முன் ஒரு விருந்து மண்டபத்தில் பன்னிரண்டு வருடம் கழுவியிருக்கிறாள். அண்டா அண்டாவாக மிஞ்சுமாம். வேலைக்காரர்கள் யாரும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதென்று முதலாளி அதன்மேல் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்வாராம்.

"ஊத்தினது இந்தக் கைதான். வீட்டுல தம்பி தங்கச்சி பட்டினி" என்றாள். அதோடு என் கிண்டல் நின்றது.

அவள் வந்த ஆறே மாதத்தில் இரண்டு வாளி எச்சில் அரை வாளியாகக் குறைந்தது. "எனக்குக் கொஞ்சம் போதும்" என்று கேட்டு வாங்கப் பிள்ளைகள் பழகினார்கள். தலைமையாசிரியை நேரில் வந்து பாராட்டிவிட்டுப் போனார். அன்று முழுக்க அக்கா தரையில் நடக்கவில்லை.

டங் வாங்குவதில் முதல் ஆள் ஒரு இரண்டாம் வகுப்புப் பெண். பொடிசு என்று கூப்பிடுவோம். ஒரு நாள் தவறமாட்டாள். சத்தம் கேட்டதும் ஒரு குதி குதித்துவிட்டு ஓடுவாள். அவளுடைய அம்மா தையல் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வாரம் ஒரு தடவையாவது சமையலறை வாசலில் வந்து நிற்பாள்.

"வீட்டுல ஒரு வாய் இறங்க மாட்டேங்குதுக்கா. இளைச்சுக்கிட்டே போறா. இங்கயாவது சாப்பிடுறாளா?"

"நல்லா கேட்டீங்க போங்க! தட்டு கண்ணாடி மாதிரி வருது. நீங்க கவலைய விடுங்க" என்பாள் டங் அக்கா.

அந்த அம்மாவும் கவலையை விட்டாள். நான்கு மாதம் விட்டாள்.

அந்த நான்கு மாதமும் சமையலறைச் சுவருக்குப் பின்னால் காக்கைகள் கூடின. கல்லெறிந்து விரட்டியது நான்தான். அவை எதற்கு வருகின்றன என்று எட்டிப் பார்க்க இந்த மண்டைக்குத் தோன்றவில்லை.

ஒரு நாள் காலைப் பிரார்த்தனை வரிசையில் நின்றிருந்த பொடிசு மயங்கி விழுந்தாள். ஓடிப்போய்த் தூக்கினேன், கனமே இல்லை. அவள் சட்டைப் பையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. உள்ளே முந்தின நாள் சோறும் பாதி முட்டையும். ஆஸ்பத்திரியில் அவளே சொன்னாள். விழுங்கினால் வலித்திருக்கிறது. மிச்சம் வைத்தால் டங் கிடைக்காதே என்று யாரும் பார்க்காதபோது பையில் அள்ளிப்போட்டு, சுவருக்குப் பின்னால் கொட்டியிருக்கிறாள்.

தொண்டைக்குக் கீழே கட்டி என்றார்கள். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தால் என்றும் சொன்னார்கள். இரண்டே மாதம்தான். பொடிசு போய்விட்டாள்.

நானும் அக்காவும் அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. "உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும்னு அவளுக்கு அவ்வளவு ஆசை" என்று மட்டும் சொன்னாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அக்காவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. திரும்பி வரும்போது தெருமுனையில் நின்று தன் கைகளைப் பார்த்தாள்.

"மறுபடியும் சோப்புத் தண்ணி ஊத்திட்டேன்" என்றாள்.

வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. ஆனால் மிச்சத்தோடு தட்டு வந்தால் இப்போதெல்லாம் முதலில் வாளியைத் தொடுவதில்லை. குனிந்து, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறாள்.

போன வாரம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி பாதிச் சோற்றோடு வந்தாள்.

"ஏன்டா கண்ணு, முடியலையா? எங்கயாவது வலிக்குதா?"

"இல்லக்கா. காய் பிடிக்கல."

"தொண்டை? வயிறு? சத்தியமா வலிக்கலையே?"

"சத்தியமா பிடிக்கலக்கா."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை நாளும் வராத அழுகை அப்போது வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "பிடிக்கலைன்னா மெதுவா சாப்பிடு. நாளைக்குக் கம்மியா கேட்டு வாங்கு, என்ன?"

அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தாள். காலித் தட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் தள்ளிவிட்டு, பழைய பழக்கத்தில் சத்தத்துக்காகக் காத்து நின்றாள். கரண்டி சுவர் ஆணியில் தொங்கியது. அக்கா தட்டைச் சத்தம் வராமல் தண்ணீருக்குள் விட்டாள்.