பதினொரு கின்னிக்கோழிகள்

போன வாரம் அடையாறில் குளிரூட்டிய கடை ஒன்றில் கின்னிக்கோழி முட்டையைப் பார்த்தேன். ஆறு முட்டை, அழகான அட்டைப்பெட்டி, மேலே 'இயற்கை' என்று பச்சை எழுத்து. எனக்கு வாயெல்லாம் கசந்தது. அந்தக் கோழி கத்தி நீங்கள் கேட்டதில்லையென்றால் கொடுத்து வைத்தவர். எண்ணெய் காணாத அடிபம்பை யாரோ கோபத்தோடு அடிப்பதுபோல இருக்கும். ஒன்று ஆரம்பித்தால் பதினொன்றும் சேர்ந்துகொள்ளும்.

பதினொன்று என்பது திருவான்மியூர்க் கணக்கு. கல்யாணமான புதிதில் அங்கே வாடகைக்குப் போனோம். சுற்றிலும் காலி மனை, முள்செடி, மணல். பக்கத்து வீட்டில் தர்மலிங்கம், ஓய்வுபெற்ற இன்ஜினியர். வாசல் பலகையில் பதவி முழ நீளத்துக்கு இருக்கும். 'ஓய்வு' என்பதை மட்டும் கடுகளவில் எழுதியிருந்தார். பாம்பு வராமலிருக்கத்தான் அந்தப் பதினொரு கோழியையும் வளர்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே பாம்பெல்லாம் பெசன்ட் நகர் போயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் மகளுக்கு அப்போது மூன்று மாதம். அவள் கண் மூடியதும் கோழி கத்தும், அவள் வீறிடுவாள். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து புகைவதுகூடத் தெரியாமல் என் மனைவி சரளா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்றுதான் நான் வீரனாகிப் புறப்பட்டேன்.

"சார், கோழி கொஞ்சம்..."

"பாம்பு வந்தா நீங்க புடிப்பீங்களா?"

அரைமணி நேரம் பாம்புப் பாடம். எழுந்தபோது கையில் நாலு முட்டையைத் திணித்தார். "தேங்க்ஸ் சார்" என்றேன். ஆமாம், நானேதான் சொன்னேன்.

மூன்று முறை போனேன். மூன்று முறையும் முட்டையோடு திரும்பினேன். பாத்திரம் தேய்க்க வரும் கன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். "இன்னா சார் நீ, கொயந்த கத்திக்கினு கீது, முட்டய வாங்கிக்கினு வந்து நிக்கிற!" நான் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது என்பதுதான் கேவலம்.

மறுநாள் மத்தியானம் சரளா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் வராந்தாவுக்குப் போனாள். பின்னாலேயே ஓடினேன். மனிதர் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு! வீறிட்ட குழந்தையை அவர் மடியில் வைத்தாள் சரளா.

"நீங்களே தூங்க வைங்க சார். என்னால முடியல."

சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து, தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்னம்மா இது? யாராவது தூக்குங்க!" என்று பதறினார் அவர். நான் கையை நீட்டினேன்.

"தொடாதீங்க" என்றாள் சரளா, கண்ணைத் திறக்காமலே.

ஊரையே அதட்டிப் பழகிய மனிதர் குழந்தையை அதட்டினார், கோழிகளை அதட்டினார். ஒருவரும் கேட்கவில்லை. பஞ்சு நழுவி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வேட்டியும் நனைந்தது.

மூன்றாம் நாள் மீன்பாடி வண்டியில் கோழிகள் போயின. இனி எங்களால்தான் தெருவுக்குப் பாம்பு வரப்போகிறது என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். ஒரு மண்புழுகூட வரவில்லை.

அன்று மத்தியானம் அம்மாவும் மகளும் மூன்று மணி நேரம் தூங்கினார்கள். தூரத்தில் இரைச்சல் கேட்டு, ஏதோ லாரி வருகிறது, அவர்களை எழுப்பிவிடும் என்று பயந்து வாசலுக்கு ஓடினேன். லாரி இல்லை, கடல். எட்டு மாதமாக அங்கே குடியிருந்தும் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டது.

இப்போது அந்த இரண்டு வீடும் இருந்த இடத்தில் அடுக்குமாடி. கடல் இன்னும் ஐந்து நிமிட நடையில்தான் இருக்கிறது. அதன் சத்தம்தான் அந்தத் தெருவுக்கு வருவதில்லை.