எட்டுக்கும் குறைய

உடையார்கட்டு ஜெயரூபிக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம். போரின் இறுதிச் சண்டையில் ஷெல் துண்டு கிழித்த அவள் கையை, விறைப்பு மருந்து இல்லாமலேதான் தைத்தார்கள். அதே ஷெல்லில் வயிறு பிளந்த அவளுடைய அம்மா இராசேஸ்வரியை வவுனியா ஆஸ்பத்திரியில் காப்பாற்றியது யாரோ கொடுத்த இரத்தம். “ஆரின்ரை ரத்தமெண்டு தெரியாது. நீயும் ஒருக்காக் குடுக்கவேணும் பிள்ளை” என்று அம்மா அடிக்கடி சொல்லுவா. ஜெயரூபி ஒவ்வொரு முறையும் சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவாள்.

அவள் வேலை செய்த கார்மென்ட்ஸில் இந்த முறை இரத்ததான முகாம் வைத்தார்கள். பக்கத்துத் தையல் மெஷின் சுரேகா ஓடிவந்தாள். “முதல் சோதனைக்கு ஊசி இல்லையாம் அக்கா. விரலிலை கிளிப் மாதிரி ஒண்டு கொழுவினாச் சரியாம்.”

முதல் படியைத் தாண்டினால் மற்றதுக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஜெயரூபியும் வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். “ரத்தம் காணாதாம், குறைவாம்.” “எனக்கும் காணாதாம்.” கிளிப் பழுது என்று யாரோ சிரித்தார்கள். தாதி தன் விரலில் மாட்டிப் பார்த்தா. பழுதில்லை.

ஜெயரூபியின் விரலில் சிவப்பு வெளிச்சம் எரிந்தது. இலக்கத்தைப் பார்த்த தாதி கிளிப்பைக் கழற்றி மறுவிரலில் கொழுவினா. பிறகு மெதுவாகக் கேட்டா.

“ஒருக்காக் குத்திப் பாக்கட்டோ தங்கச்சி?”

பல்லைக் கடித்துக்கொண்டு விரலை நீட்டினாள். அந்தச் சோதனையும் அதையேதான் சொன்னது: பன்னிரண்டரையாவது இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் எட்டுக்கும் குறைய.

“காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?”

“வெறும் பிளேன்டீ.”

“உங்களுக்கே ரத்தம் ஏத்தவேண்டி வரலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, ஏன் குறையுதெண்டு பாக்கவேணும்.”

லீவு கேட்டாள். “இந்தக் கிழமை ஓடர் முடியோணும். அவ்வளவு ஏலாதெண்டால் வீட்டிலேயே நில்லும், வேறை ஆளைப் போடுறன்” என்றார் சூப்பர்வைசர். அவளுடைய சம்பளத்தில்தான் வீடு ஓடியது. திரும்பிப் போய் மெஷினில் இருந்தாள். சட்டைக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குவிந்தன. படியேறும்போது மூச்சு வாங்குவதும், பஸ்ஸில் கண் இருட்டுவதும் களைப்பு என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றா.

“குடுத்தனியோ பிள்ளை?”

ஆவலாய் நின்ற அந்த முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

“ஓமம்மா.”

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. குசினிக்குள் போய், இருந்த ஒரே முட்டையை அவித்து உரித்துக் கொண்டுவந்து கொடுத்தா. “ரத்தம் குடுத்த உடம்பு, முழுக்கச் சாப்பிடு.” பிறகு வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, மகள் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டு வந்திருப்பதாகச் சத்தமாகச் சொல்லத் தொடங்கினா.

ஜெயரூபி முட்டையைத் தின்றாள். நாளை விடிய முன்னமே கார்மென்ட்ஸ் பஸ் வந்துவிடும்.