ரோமாபுரியில் நாற்காலி காலி

போப்பாண்டவர் இறந்துவிட்டார் என்று காலைச் செய்தியில் சொன்னபோது எங்கள் வீட்டில் திடுக்கிட்டவள் அத்தை மட்டும்தான். குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து நின்றாள். அப்பா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. புராட்டஸ்டண்டு வீட்டில் போப்புக்காக ஒருவர் எழுந்து நிற்பது எனக்குப் புதிதாக இருந்தது.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. தையல் வகுப்பில் ஆசிரியை. முப்பது வயதைக் கடந்தும் கல்யாணம் அமையவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த ஓர் அம்மாள் ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய்த் தன் மகனுக்குக் கேட்டிருந்தார். மகன் பஸ் டிப்போவில் மெக்கானிக். குடி கிடையாது, சொந்த வீடு உண்டு, அத்தைக்கும் விருப்பம். ஒரே தடை, அவர்கள் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். பெண் கேட்டுவிட்ட பிறகு பெண்ணும் பிள்ளை வீட்டாரும் நேரில் பேசிக்கொள்வது முறையல்ல என்பதால் எல்லாப் பேச்சும் அப்பா வழியாகவே நடந்தது.

அவர்களுக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசங்களை நான் மனதுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். அவர்கள் சிலுவையில் இயேசு இருப்பார், எங்கள் சிலுவை வெறும் மரம். அவர்களுக்குப் பூசை, எங்களுக்கு ஆராதனை. எங்கள் பேதுருதான் அவர்களுக்கு இராயப்பர். இரண்டும் ஒரே ஆள் என்று அத்தை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். வரிசையின் கடைசியில் போப்பாண்டவர் இருந்தார். அவர்களுக்கு உண்டு, எங்களுக்கு இல்லை.

பக்கத்து வீட்டு நெசவாளர் தெருவில் பாவு நூலை நீட்டியபடியே அப்பாவிடம் துக்கம் விசாரித்தார். அவர் எங்கள் ஆள் இல்லை என்று அப்பா விளக்கினார். ஒரே வேதம், ஒரே சாமி, ஆனால் தலைவர் மட்டும் அவர்களுக்குத்தான் என்று சொல்லச் சொல்ல நெசவாளர் முகம் தெளிந்தது.

"ஓ, உங்களுக்குள்ளயும் வடகலை தென்கலை இருக்குதா வாத்தியாரே" என்றார்.

அப்பா பள்ளி ஆசிரியர். போதகர் வெளியூர் போகும் ஞாயிறுகளில் சபையில் அவர்தான் பிரசங்கம் செய்வார். அந்த வாரம் அவர் முறை. சபைக்குத் தலை கிறிஸ்து ஒருவரே என்றார். மனிதனைத் தலையாக வைத்தால் அந்தத் தலை ஒருநாள் சாகும், பிறகு வேறு தலை தேடி அலையவேண்டும் என்றார். சிலர் சிரித்தார்கள். அத்தை பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் அத்தையிடம் அவர் சொன்னது வேறு. இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு ரோமாபுரியிலிருந்து அனுமதி வரவேண்டும். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

"நாற்காலி காலியா இருக்குதும்மா. யாரு கையெழுத்து போடுவாங்க? காத்துக்கினுதான் இருக்கணும்."

அத்தை தலையாட்டினாள். எங்களில் யாருக்கும் ஆர்.சி. சட்டதிட்டம் தெரியாது. போப்பைப் பற்றி எங்கள் சபையில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அவர் எல்லாவற்றிலும் தலையிடுவார் என்பதுதான். ஆகவே நம்புவது எளிதாக இருந்தது.

பெண் கேட்டிருந்த அந்த அம்மாள் வீட்டில் ரேடியோ இல்லை. செய்தி நேரத்தில் எங்கள் ஜன்னலோரம் வந்து நிற்பார். அவர் தலை தெரிந்ததும் அத்தை உள்ளறைக்குப் போய்விடுவாள். செய்தியைக் கேட்டு அவளிடம் சொல்வது என் வேலையானது. புதிய போப்பைத் தேர்ந்தெடுக்கும் கர்தினால்மார்கள் ஓர் அறையில் அடைந்திருப்பார்கள், முடிவாகவில்லை என்றால் கரும்புகை, ஆகிவிட்டால் வெண்புகை என்று அந்த அம்மாள்தான் எனக்குச் சொன்னார். இதெல்லாம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று அப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இராயப்பர் கையில சாமி மோட்சத்துச் சாவி குடுத்தாருல்ல, அதுலதான் இருக்குது. கை மாறும், சாவி மாறாது" என்றார் அவர். "உங்க போதகரு மாத்தலாகிப் போனா கோயிலைப் பூட்டிட்டா போறீங்க வாத்தியாரே?"

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

வெண்புகை வந்த செய்தி ஒரு ஞாயிறு காலையில் கிடைத்தது. நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அன்று ஆராதனைக்கு அத்தை தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்தாள். புதியவர் சிரித்த முகமாம், பத்திரிகையில் படம் வந்திருந்தது. ஆனால் வந்து உட்கார்ந்தவர் தேங்கிக்கிடக்கும் காகிதங்களைப் பார்க்கவே நாளாகும் என்று அப்பா சொல்லிவிட்டார். அத்தை காத்திருந்தாள். ஒரு மாதம் போவதற்குள் அவரும் இறந்துபோனார்.

அன்று சாயங்காலம் செய்தியைச் சொல்ல நான் போனபோது அத்தை மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். கால் நிற்கவில்லை. துணி முடிந்த பிறகும் ஊசி கொஞ்ச நேரம் வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இரவு குடும்ப ஜெபத்தில் அப்பா ஆர்.சி. மக்களுக்காக நெடுநேரம் ஜெபித்தார். மேய்ப்பனை இழந்த ஆடுகள் என்றார். அவர் குரல் அத்தனை இதமாக இருந்து நான் கேட்டதில்லை. என் அப்பாவுக்கு எவ்வளவு பெரிய மனது என்று பெருமைப்பட்டேன்.

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாவு நீட்ட முடியாமல் நெசவாளர்கள் சும்மா இருந்தார்கள். ஒரு நாள் அந்த அம்மாள் குடையோடு வந்து வாசலிலேயே நின்றார். அத்தை அப்போது தையல் வகுப்பில் இருந்தாள்.

"பொண்ணு இன்னும் யோசிச்சிக்கினுதான் இருக்குதா வாத்தியாரே?"

"யோசிக்கட்டும்மா. ஆயுசுக்கும் வாழப்போறவ."

"அது யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள என் புள்ளைக்கு நரைச்சிடும். தாமல்லேர்ந்து ஒரு இடம் வந்துக்குது. அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார். என்ன யோசனை, யார் யோசிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் கப்பல் விட்டுக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் சென்னையில் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். பக்கத்து மேசைப் பெண் ஆர்.சி.; இந்து ஒருவரை மணந்தாள். ரோமாபுரியிலிருந்து அனுமதி வர எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். அவள் வெகுநேரம் சிரித்தாள். பங்குச் சாமியார் எழுதி அனுப்புவார், மேற்றிராணியார், அதாவது பிஷப், அலுவலகத்தில் அனுமதி தருவார்கள், போப்பாண்டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வேலை நடந்துகொண்டுதான் இருக்கும் என்றாள்.

அப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் வேண்டாம் என்று அவரால் சொல்ல முடிந்திருக்காது, மாப்பிள்ளையிடம் குறை இல்லை. சரி என்றும் சொல்ல முடிந்திருக்காது, ஞாயிற்றுக்கிழமை பிரசங்க பீடத்தில் நிற்கவேண்டும். போப்புக்குத் தன்மேல் எந்த அதிகாரமும் இல்லை என்று கடைசிவரை சொன்னவர், தன் வாழ்க்கையில் ஒரே ஒரு காரியத்தை மட்டும் அவர் தலையில் போட்டார். அத்தை இன்றும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். அவளுக்கு இது தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

அந்த வருஷத்தின் மூன்றாவது போப்பைத் தேர்ந்தெடுத்த செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு மாதா கோயிலில் மெக்கானிக்குக்கும் தாமல் பெண்ணுக்கும் கல்யாணம் என்று அறிவிக்கும் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். வீட்டில் அப்பா, அம்மா, அத்தை மூவரும் அதை அறிவார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வழக்கம்போல உள்ளறைக்கு ஓடினேன். அத்தை என்னைப் பிடித்து முன்னால் உட்காரவைத்துத் தலை வாரினாள்.

"இவருக்கு வயசு இன்னாவாம்?"

"ரொம்ப இல்லியாம் அத்தை. நல்லா திடமா இருக்கிறவராம்."

"அப்ப ரொம்ப நாள் இருப்பாரு" என்றாள். பின்னலை இழுத்து முடிந்தாள். வலித்தது.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஆள் வந்தாயிற்று, நாற்காலி நிரம்பிவிட்டது, இனி ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"உன் கல்யாணத்துக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுப்பாங்களா அத்தை?"

அத்தை ரிப்பனைக் கட்டி முடித்தாள்.

"எடுப்பாங்க. என்னா கலர் வேணும்னு பார்த்து வெச்சிக்கோ."

பள்ளிக்கூடம் போகும் வழியெல்லாம், சாயக்காரர்கள் வீட்டு வராந்தாக்களில் உலராமல் தொங்கிய பட்டு நூல் கொத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். அரக்கா, மயில்கழுத்தா என்று மணி அடிக்கும்வரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.