கறுப்பு வெள்ளைக் கனிசியஸ்

ஜெசிதாவின் மேசையில் கிரியேட்டிவ் டிரெக்டர் என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. குருநகரில் அதை ஆருக்கும் விளங்கப்படுத்த முடியாமல் அவளுடைய தாய் மக்டலீன், பிள்ளை விளம்பரம் செய்யிறா என்பதோடு நிறுத்திக்கொள்வாள். செய்கிறாள்தான். ஆனால் அந்த வேலையில் பாதி பயம் என்பது தாய்க்கும் தெரியாது, யாழ்ப்பாணம் டவுனில் அவளுக்கு வேலை கொடுத்த முதலாளிக்கும் தெரியாது.

பயமென்றால் இலேசுப்பட்ட பயமா? காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை எடுத்தால் நேரே கந்தோருக்குப் போகமாட்டாள். தங்கள் போஸ்டர்கள் ஒட்டின தெருவெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி, ஒவ்வொன்றையும் வேகம் குறைக்காமல் கடந்து பார்ப்பாள். ஓடுகிறபோது வாசிக்க முடியாவிட்டால் அது போஸ்டரே இல்லை என்பது அவளுடைய கட்சி. கந்தோருக்கு வந்ததும் வெறுந்தேத்தண்ணி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு அச்சுக்குப் போகிற தொலைபேசி இலக்கங்களைப் பின்னாலிருந்து முன்னுக்கு வாசிப்பாள். ஒருமுறை மானிப்பாய்ப் புடைவைக்கடை ஒன்றின் இலக்கத்தில் ஏழு ஒன்றாகிப் போய், ஆரோ ஒரு ரியூசன் வாத்தியார் மூன்று மாதம் சேலை விலைக்குப் பதில் சொன்னார். அன்றைக்குப் பிடித்த நடுக்கம். அதிலிருந்து எந்த வேலையையும் மூன்று இடத்தில் சேமித்து வைப்பாள்: கந்தோர்க் கணினி, பென்டிரைவ், கைபேசி. அச்சுக்குக் கொடுத்த நாளில் சோறு இறங்காது.

அஞ்சலி நோட்டிஸ் மட்டும் தொடமாட்டாள். எங்கடை பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால் அடுத்த நாள் விடிய அவருடைய முகம் மதிலிலும் மின்கம்பத்திலும் நிற்கும். கீழே பெயர், ஊர். அச்சகத்தில் தொழில் பழகிய ஐந்து வருசமும் ஜெசிதா அதைத்தான் செய்தாள். செத்தவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், டிரெக்டர் ஆன அன்றே அந்த வேலையைக் கரவெட்டியிலிருந்து வருகிற வடிவமைப்பாளர் வாகீசனின் தலையில் கட்டிவிட்டாள். தொடாமல் விட்டதை மறந்தும் போனாள். அதுதான் பிழை.

போன வைகாசியில் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. கடற்றொழிலாளர் உயிர்காப்பு அங்கி போட்டுக்கொண்டு கடலுக்குப் போகவேண்டும், அதற்கு விளம்பரம் வேண்டும், நடிகர் வேண்டாம், உண்மையான தொழிலாளி வேண்டும் என்றார்கள். ஜெசிதாவின் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். தகப்பன் கனிசியஸ், வயது அறுபத்தொன்று, நாற்பது வருசமாகக் கடலில் கிடக்கிற மனிசன். அங்கியை அவர் ஒருநாளும் போட்டதில்லை. இலவசமாகக் கிடைத்த ஒன்றைப் படகில் இஞ்சினுக்குப் பக்கத்தில் விரித்து, அதன்மேல் குந்தியிருந்து போவார். கேட்டால் வேர்க்குது என்பார்.

அவளுடைய யோசனை இதுதான். முதல் போஸ்டர் கறுப்பு வெள்ளை. அதில் தகப்பனின் சிரித்த முகம், கீழே 'கனிசியஸ், குருநகர்', வேறொன்றும் இல்லை. ஆரப்பா இது என்று சனம் மூன்று நாள் தலையைப் பிய்க்கட்டும். நாலாம் நாள் அதே மதிலில், அதே முகம் வர்ணத்தில், நெஞ்சில் கணினியால் போட்டுவிட்ட செம்மஞ்சள் அங்கியோடு, 'கனிசியஸ் வீட்டை வந்திட்டார்' என்று. அந்தச் செம்மஞ்சள் பளீரென்று அடிக்கவேண்டும் என்பதற்காகவே முதலாவதைக் கறுப்பு வெள்ளையாக்கினாள். சும்மா சொல்லக்கூடாது, நல்ல யோசனை. வாகீசன் மட்டும் பார்த்துவிட்டுப் பிடரியைத் தடவினான். ஒரு மாதிரிக் கிடக்கு அக்கா என்றான். ஒரு மாதிரிக் கிடந்தால்தான் ஆக்கள் பார்ப்பினம் என்று சொல்லிவிட்டு, பெயரில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்தாள். இல்லை.

புதன்கிழமை விடிய, ஒட்டுகிறவர்கள் வேலையை முடித்தார்கள். ஐந்து மணிக்கே கனிசியஸ் தனியாகப் படகெடுத்துக் கடலுக்குப் போய்விட்டார். ஏழு மணிக்கு ஜெசிதா வழக்கம்போலச் சுற்றுக்குப் புறப்பட்டாள். சந்தி மதிலில் தகப்பன் சிரித்துக்கொண்டு நின்றார். தூரத்திலேயே முகம் தெரிகிறது, பெயர் தெரிகிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோசம். கிட்டப் போனபோது, சைக்கிளை நிறுத்தியிருந்த கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் மீன்கூடையோடு நின்ற பெண் சிலுவை அடையாளம் போட்டாள்.

அஞ்சலி நோட்டிஸ்! ஐந்து வருசம் தன் கையால் எத்தனை முகத்தை இப்படி மதிலுக்கு அனுப்பியிருப்பாள்! மதிலில் சிரித்த தகப்பனுக்கு நேரே முன்னால் நின்று, கடலிலிருந்த தகப்பனுக்கு அழைப்பெடுத்தாள். மணி போனது, எடுக்கவில்லை. கைபேசியைப் பொலித்தீனில் சுற்றி இஞ்சின் பெட்டிக்குள் வைத்தாரென்றால் கரைக்கு வந்துதான் எடுப்பார், அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு தரம் எடுத்தாள். ஏழாவதாக அவளுக்கே அழைப்பு வந்தது. பாசையூரிலிருந்து மாமி பெர்னடெட், என்ரை அண்ணை என்று ஒரே ஒப்பாரி. மாமி, அது விளம்பரம் என்று இவள் கத்தியது அந்த அழுகைக்குள் ஏறவேயில்லை.

வீட்டுக்கு ஓடினாள். வாசலில் செத்தவீட்டுக்கென்று வாடகைக் கதிரை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆர் சொன்னார்களோ, ஆர் காசு கொடுப்பார்களோ, கதிரை வந்துவிட்டது. உள்ளே பத்துப் பதினைந்து பெண்கள், நடுவில் மக்டலீன். அழவில்லை. மகளைக் கண்டதும் எழுந்து அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"உன்ரை வேலைதான் எண்டு பார்த்த உடனை விளங்கிட்டுது," என்றாள். "அது பரவாயில்லை. குருநகரிலை சாவெண்டு போன் போய், கடலுக்குப் போன ஆக்கள் எல்லாம் வலையைப் பாதியிலை விட்டிட்டுத் திரும்பி வந்திட்டினம். உன்ரை அப்பா எங்கை?"

ஊரில் சாவென்றால் தொழிலுக்குப் போவதில்லை, போனவர்களும் திரும்பிவிடுவார்கள். அது இந்தக் கரையின் முறை. ஜெசிதா துறைக்குப் போனபோது படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஆரைக் கேட்டாலும் கனிசியஸைக் காணவில்லை என்றார்கள். சோளகக் காத்துப் பெலத்து வீசுது, அவர் எல்லாருக்கும் அப்பால் வலை விட்டவர் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், சாவுக்கு முதல் நோட்டிஸ் வந்திட்டுது பாருங்கோ என்று பக்கத்தில் நின்றவருக்குச் சொன்னார். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

எட்டரை ஆனது. ஒன்பதரை ஆனது. நான் ஒட்டினதாலைதான், நான் ஒட்டினதாலைதான் என்று அவளுக்கு மனம் அடித்துக்கொண்டது. படித்தவள், இதெல்லாம் நம்பாதவள். நம்பாவிட்டால் என்ன, துறையின் மதிலில் ஒட்டியிருந்த தகப்பனை நகத்தால் சுரண்டத் தொடங்கினாள். பசை காய்ந்துவிட்டிருந்தது. காதுதான் கிழிந்து வந்தது. அந்தக் கடதாசித் துண்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு நின்றாள்.

பத்தரைக்கு இரண்டு படகு தெரிந்தது. முன்னால் வந்தது அதே துறையில் தொழில் செய்கிற சிமியோனுடையது. துணியை அசைத்துக் கூப்பிட்டு, ஊரில் சாவு என்று கனிசியஸுக்குச் சொன்னவர் அவர்தான். ஆருடைய சாவென்று அவருக்கும் தெரியாது. பின்னால் வந்த கனிசியஸ் படகைக் கட்டமுன்னமே, செத்தவருக்கு மரியாதையாகத் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். துறையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஆர் பிள்ளை செத்தது?" என்று கேட்டார்.

"நீங்கள்தான், அப்பா."

அதைச் சொல்லிவிட்டு ஜெசிதா அந்த இடத்திலேயே இருந்து அழுதாள். கனிசியஸ் ஒன்றும் விளங்காமல் அவளைப் பார்த்தார், பிறகு மதிலைப் பார்த்தார். ஒரு காது இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்த தன்னைக் கனநேரம் பார்த்தார். சனம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"வடிவாத்தான் எடுத்திருக்கிறாய்," என்றார். "இந்தப் படத்தை வைச்சிரு பிள்ளை. தேவைப்படேக்கை தேடித் திரியாதை."

அவள் படகுக்குள் பார்த்தாள். இஞ்சினுக்குப் பக்கத்தில் அந்த அங்கி, அவர் இருந்த இருப்பில் நசுங்கிப்போய்க் கிடந்தது.

அன்றைக்கு மத்தியானம் அவளும் வாகீசனும் வாளியும் தண்ணியுமாகத் தெருத்தெருவாகச் சுரண்டினார்கள். தொண்டு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. கரையெல்லாம் இதே கதையாம், இப்படியொரு விளம்பரம் கண்டதேயில்லையாம், மிச்சத்தைக் கிழிக்கவேண்டாமாம். வர்ணப் படம் நாளைக்கு வரும், கறுப்பு வெள்ளை இனி இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். கந்தோருக்கு வந்து, கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியில் அழித்தாள். பென்டிரைவில் அழித்தாள். கைபேசியிலும் அழித்தாள். எதையும் மூன்றாய் வைத்திருக்கிறவள், ஒன்றும் இல்லாமல் செய்த முதல் வேலை அதுதான்.

அடுத்த நாள் விடிய, துறையில் தகப்பனின் முன்னால் அங்கியை நீட்டிக்கொண்டு நின்றாள். வேர்க்குது என்று சொல்ல வாயெடுத்தவர் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாங்கிப் போட்டுக்கொண்டார். படகு போனது. செம்மஞ்சள் சிறுத்துச் சிறுத்து ஒரு புள்ளியாகி, பிறகு அதுவும் தெரியவில்லை. அதற்கப்பால் கழற்றினாரோ, போட்டபடியே போனாரோ, கடவுளுக்குத்தான் தெரியும். ஏழு மணிக்குப் போஸ்டர் பார்க்கப் போகவேண்டியவள், ஒன்பது மணிவரைக்கும் அந்த இடத்திலேயே நின்றாள்.