அக்காவின் மாரத்தானும் மாரடைப்பு ஃபிளெக்ஸும்

அந்த ஃபிளெக்ஸில் என் அத்தானின் முகத்தைவிட எங்கள் காலனி நலச்சங்கத் தலைவரின் முகம் பெரிதாக இருந்தது. அதுகூடப் பரவாயில்லை, தாம்பரம் பக்கம் எந்த ஃபிளெக்ஸும் அப்படித்தான். கீழே சிவப்பு எழுத்தில் இருந்ததுதான் வில்லங்கம்: ‘மாரடைப்புத் தடுப்பு நிதிக்காக மாரத்தான் ஓடும் எங்கள் டீச்சரை வாழ்த்துகிறோம்.’ அத்தான் மாரடைப்பில் இறக்கவில்லை. தற்கொலை செய்துகொண்டார்.

அக்கா சேலையூரில் கணக்கு டீச்சர். அத்தான் திருமுடிவாக்கத்தில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருந்தார். அவர் போன அன்று அவருடைய அம்மா, எங்களுக்கு அத்தை, மதுரையில் மகள் வீட்டில் இருந்தார். பிரஷர் உள்ளவர், தாங்க மாட்டார் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, நெஞ்சுவலி என்று போனில் சொல்லிவிட்டார்கள். யாரைக் கேட்டுச் சொன்னார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம் வீடுகளில் இப்படிப்பட்ட முடிவுகளை எடுப்பதற்கென்றே இரண்டு சித்தப்பாக்கள் இருப்பார்கள். காரியம் முடிந்ததும் அத்தை அக்காவோடேயே தங்கிவிட்டார்.

சில வருஷம் கழித்து அக்கா மாரத்தான் ஓடப் போவதாகச் சொன்னாள். உயிரை விட நினைப்பவர்கள் போன் செய்தால் எடுத்துப் பேசுகிற ஓர் உதவி மையத்துக்கு நிதி திரட்ட வேண்டுமாம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள்! மாடம்பாக்கம் ஏரிப் பக்கம் அவள் ஓட, தண்ணீர் பாட்டிலோடு ஸ்கூட்டரில் பின்னால் போய் நாய் விரட்டியது நான். வேர்த்து விறுவிறுத்து வந்து, மறைமலை நகருக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை எத்தனையோ நாள் கோட்டை விட்டேன்.

ஓடுவதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஸ்டாஃப் ரூமிலும் சங்கக் கூட்டத்திலும் ‘தற்கொலை’ என்ற சொல்லைக் கூசாமல் சொல்லி நிதி கேட்டவள், வீட்டில் மட்டும் அந்தச் சொல் அச்சடித்த டி-ஷர்ட்டை உள்பக்கம் திருப்பிக் காயப்போட்டாள். அத்தையிடம், சுகர் குறைய ஓடுகிறாளாம். “ஊருக்கே சொல்ற, வீட்ல இருக்கறவங்களுக்குச் சொல்ல மாட்டியா?” என்று கேட்டால், “அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பதில் சொல்லுவியாடா?” என்று பாய்வாள். நான் மாடி போர்ஷனில் இருந்தேன். கீழே குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அக்கா அழுவதும் எனக்குக் கேட்கும், பூஜையறையில் அத்தை அழுவதும் கேட்கும். ஒரே ஆளுக்காக, ஒரே வீட்டில், தனித்தனியாக அழுதார்கள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம்தான் வருகிறது.

ஓட்டத்தன்று விடியுமுன் எங்களை வழியனுப்பக் காலனி வாசலில் கூட்டம். துப்பட்டாவால் டி-ஷர்ட்டை மூடிக்கொண்டு அக்கா நின்றாள். அத்தை ஆரத்தித் தட்டோடு வந்தார். அப்போதுதான் தலைவர் ஃபிளெக்ஸின் மேல் போர்த்தியிருந்த துணியை இழுத்தார்.

“சார், என்ன சார் இது? நான் எழுதிக் கொடுத்தது இது இல்லையே,” என்று அக்கா பல்லைக் கடித்தபடி கேட்டாள்.

தலைவர் இந்த ஊர்க்காரர், செங்கல் மணல் வியாபாரம். கெட்ட எண்ணமே கிடையாது. மெதுவாகப் பேசத்தான் வராது. “இன்னா டீச்சர் நீங்க! அம்மா இருக்கற எடத்துல அந்த வார்த்தைய எப்டி போடறது? அவங்களுக்குத் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க!”

நான் அத்தையைத் தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டே போனேன்.

அத்தை தட்டை என் கையில் திணித்தார். “பிடி இதை. என்னை எதுக்குப் பிடிக்கறே?” என்றவர் அக்காவிடம் திரும்பினார். “நெஞ்சுவலின்னா காரியத்தன்னைக்குப் போலீஸ் எதுக்கும்மா வீட்டுக்கு வந்து விசாரிச்சிட்டுப் போனான்? நான் அன்னைக்கே புரிஞ்சிக்கிட்டேன். உனக்குச் சொல்ல வாய் வரலை, நானும் கேட்கலை.”

அக்கா நடுரோட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். இருவரும் வாய்விட்டு அழுதார்கள். கற்பூரம் என் விரலைச் சுட்டது. “அக்கா, டைம் ஆகுது” என்றேன். “போடா!” என்று இரண்டு பேருமே திட்டினார்கள். தலைவர் ஃபிளெக்ஸைத் தாமே கிழித்து இறக்கிவிட்டு, மூக்கை உறிஞ்சியபடி காரை எடுத்து வந்தார்.

அவர்கள் காரிலும் நான் பின்னால் ஸ்கூட்டரிலுமாகச் சோழிங்கநல்லூருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் ஓடிப் போயிருந்தார்கள். தொடக்க வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, அக்கா கடைசி ஆளாகக் கிளம்பினாள். இனிமேல் காரில் உட்கார மாட்டேன் என்று அத்தை என் ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார். மெதுவாகப் போனால் வேகமாகப் போகச் சொன்னார், வேகமாகப் போனால் அவளை விட்டுவிட்டுப் போகிறாயா என்று முதுகில் குத்தினார். என் உயிரை வாங்கிவிட்டார்.

வழியில் ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தினேன். “இன்னாத்துக்குமா அந்த அக்கா தனியா ஓடிக்கினு போவுது?” என்று கடைக்காரர் கேட்டார். நான் வழக்கம்போல ஏதோ சொல்லி மழுப்ப வாயெடுத்தேன்.

“என் பிள்ளை தற்கொலை பண்ணிக்கிட்டான்பா,” என்றார் அத்தை, கடையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி. “அவ என் மருமக. அவனுக்காக ஓடறா.”