ஒரு கைச் சோறு

எங்கள் வீட்டில் முதல் சோறு நாய்க்குத்தான். பிறகு அவருக்கு, கடைசியில் எனக்கு. கல்யாணமாகிச் சித்தூர் போலீஸ் லைனுக்குக் குடிவந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரர் போலீஸ் நாயைப் பார்த்துக்கொள்ளும் கான்ஸ்டபிள். கறியும் அரிசியும் சேர்த்து உப்பில்லாமல் வேகவைப்பது என் வேலை. ஆக்கிப்போடுகிறவள் நான், ஆனால் என் கையால் வைத்தால் அந்த நாய் ஒரு பருக்கைகூடத் தொடாது. மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். எனக்கு ஒரு சக்களத்தி வாய்த்திருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

அப்படிப் பழக்கியவர் அவர்தான். சாராயம் காய்ச்சுகிறவர்கள் கறியில் விஷம் தடவிப் போடுவார்கள். அவருடைய முதல் நாய் அப்படித்தான் செத்தது. அதனால் இதற்கு, அவர் உள்ளங்கையில் வைத்து "ம், துன்னு" என்றால்தான் சாப்பாடு. லைனில் இருந்த எல்லாரையும் எலும்பு போடச் சொல்லிப் பார்த்தார். அது சட்டைசெய்யவே இல்லை. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பிள்ளை பெற்றபோதுகூடப் பார்க்கவில்லை.

பிறகு எல்லை பிரித்தார்கள். சித்தூரோடு ஆந்திராவில் இருந்த திருத்தணி மதராஸ் ராஜ்யத்துக்குப் போயிற்று. அது அவருடைய சொந்த ஊர்ப்பக்கம் என்பதால் அவரையும் அங்கே போட்டார்கள். நாய் ஆந்திரா சர்க்கார் சொத்து, சித்தூரிலேயே நின்றுவிட்டது. வழக்கப்படி புது ஆள் கொஞ்ச காலம் கூடவே இருந்து, இரண்டு பேர் கையும் சேர்ந்து சோறு வைத்துப் பழக்கவேண்டும். உடனே போய்ச் சேரச் சொல்லி உத்தரவு வந்ததால் அதற்கு வழியில்லை. வேர்வையோடு கழற்றிய காக்கிச் சட்டையைப் புது ஆளிடம் கொடுத்தார்.

"இத்த போட்டுக்கினு சோறு வெய்யி. தண்ணி மட்டும் படக்கூடாது, என் வாசன பூடும்."

"சரேண்ணா" என்று அந்தத் தெலுங்குக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் அந்தப் புது ஆளே பஸ் ஏறித் திருத்தணிக்கு வந்து நின்றார். சட்டையை ஆணியில் மாட்டியிருந்தாராம். அவர் இல்லாத நேரம் லைன் வண்ணார் வந்து, முன்பிருந்த பெரியவருடைய சட்டையாயிற்றே என்று எடுத்துப்போய், வெள்ளாவியில் வைத்து, கஞ்சி போட்டு, பெட்டி தேய்த்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். மரியாதைக்குச் செய்தது. யாரைக் குறைசொல்வது?

"துன்னவே மாட்டேங்குதண்ணா. டாக்டர் வாயத் தொறந்து பால் ஊத்தினாரு. துப்பிடிச்சி. நீ ஒருவாட்டி வாண்ணா."

லீவு கேட்டதற்கு, "வேற ராஜ்யத்து நாய்க்கு எவன்யா லீவு தருவான்?" என்று கேட்டார் அதிகாரி. அந்த ஆள்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை. வார ஓய்வு வரும்வரை காத்திருந்தோம். நான் பழையபடியே உப்பில்லாமல் ஆக்கித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அவரோடு போனேன்.

கொட்டகையில் எலும்பும் தோலுமாகக் கிடந்தது. அவர் செருப்புச் சத்தம் கேட்டு வால் மட்டும் தரையில் தட்டியது. அவர் உட்கார்ந்து, ஒரு பிடியைப் பிசைந்து உள்ளங்கையில் நீட்டினார்.

"ம், துன்னு."

தலையைத் தூக்கி வாயில் வாங்கிக்கொண்டது. விழுங்கத்தான் தெம்பில்லை. அவர் சொல்லிவிட்டதால் துப்பவும் இல்லை. அவர் மடியில் தலை சாய்ந்தபோது சோறு வாயிலேயே இருந்தது.

அவர் அழவில்லை. விரலால் அந்தச் சோற்றை வழித்தெடுத்து, வாயைத் துடைத்துவிட்டார். லைனுக்குப் பின்னால் புதைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். தூக்கில் மீதிச் சோறு அப்படியே இருந்தது. எனக்கு அதை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக மனமில்லை. ஓரமாகப் போய்க் கையால் அள்ளிப் போட்டேன். தெருநாய்கள் ஓடிவந்தன. ஒன்று, நான் யார் என்றுகூடப் பார்க்காமல் என் கையிலிருந்தே பிடுங்கித் தின்றது.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அவ்வளவு ஜனங்களுக்கு நடுவில், "நான்தானே வேணாம்னு கத்துக்குட்த்தேன்" என்று வாய்விட்டு அழுதார்.